நாற்பது சொடுக்கும் ஒரு பசைக்காரரும்

மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்குப் பெயர் பசைக்காரர். வருகிறவர்களின் முடியை விலக்கி, பசை தடவி, பொத்தான் அளவுத் தகடுகளைத் தலையில் ஒட்டி, ஒயர்களை இயந்திரத்தில் செருகுவது அவர் வேலை. பதினாறு வருஷமாக அதைச் செய்ததில் மூளைக்கே தான் சம்பந்தி என்ற நினைப்பு வந்துவிட்டது.

சோதனை எளிதுதான். காதில் மாட்டிய கருவியில் நொடிக்கு நாற்பது சொடுக்கு ஒலிக்கும். மூளையும் நாற்பது அலையாகப் பதில் சொல்லும். மூளைக்குள் ஒரு ரசாயனம் முடுக்கும், இன்னொன்று அடக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அலை தாளத்தோடு ஒட்டி நிற்கும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அலையும் மாறிப்போகும். அதைப் பார்க்கத்தான் பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஆனால் இந்த முறை வந்த பன்னிரண்டு பேருக்கும் அலை ஒரே மாதிரி ஜம்மென்று வந்தது. மருந்து வேலையே செய்யவில்லையே என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா குழம்பினார். எல்லாம் தன் பசையின் மகிமை என்று இவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவள் கூடப்பிறந்த அண்ணனுக்கு மனநோய். தகடுகளைக் கழற்றும்போது, "எனக்கும் அப்படி வந்துடுமாண்ணா?" என்று கேட்டாள். வந்தவர்களிடம் முடிவு எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியைச் சுவரில் ஒட்டியவரே இவர்தான். நுணலும் தன் வாயால் கெடும். "உன் அலை சொக்கத் தங்கம். உனக்கு ஒண்ணும் வராதும்மா" என்று அடித்துச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் தன் தலையிலேயே தகடு ஒட்டி, அந்த அலையை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"பாரு, என் மூளை எவ்வளவு கூர்மையாக் கேக்குதுன்னு."

துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "மூணு தடவை கூப்பிட்டாலும் திரும்பாத மூளைதானே? காதை அடைச்சுக்கிட்டு எடுத்தா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"எடுத்துப் பாத்தீங்களா? மெஷின் மக்கர் பண்ணினா நான் முதல்ல நூல் கோக்காமதான் ஓட்டிப் பாப்பேன்."

மறுநாள், அவள் வாயை அடைக்கவென்றே தன் காதைப் பஞ்சால் அடைத்து, மேலே காதுக் கருவியை மாட்டி, சொடுக்கை ஓடவிட்டு உட்கார்ந்தார். ஒரு சொடுக்குகூடக் கேட்கவில்லை. திரையில் அலை மட்டும் நொடிக்கு நாற்பதாக ஜம்மென்று ஓடியது.

பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று காதுக் கருவியின் ஒயரையும் தலை ஒயர்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார், சாட்சாத் இவரேதான். ஒலிக்கான மின்சாரம் அந்தக் கட்டு வழியே தலை ஒயர்களுக்குள் கசிந்திருக்கிறது. ஆறு வாரமாகப் பேசியது மூளை இல்லை, ஒயர்.

யாருக்கும் தெரியாமல் கட்டை அவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வேன்காரப் பெண்ணின் முகம் கண்ணில் நின்றது. போய்ச் சொன்னார். டாக்டரம்மா பெயர்ப் பட்டியலை எடுத்து அவர் முன் வைத்தார். பிறகு, "பன்னிரண்டு பேரையும் திரும்ப வரச் சொல்லணும். நீங்களே கூப்பிடுங்க" என்றார்.

பதினொரு பேரைச் சமாளித்துவிட்டார். கடைசியாக அவளைப் போனில் அழைத்தார். பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னேனே, அந்த அலை உன் மூளையோடது இல்லம்மா. எங்க ஒயரோடது."

"அப்படின்னா?"

"அது சரியா வந்திருந்தாலும், அதை வெச்சு நோய் வரும் வராதுன்னு சொல்ல முடியாது. தெரிஞ்ச மாதிரி உளறிட்டேன்."

"அதை நம்பித்தாண்ணா கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னேன். எனக்குத்தான் வராதேன்னு, அண்ணனைப் பத்தி அவர்கிட்ட சொல்லவே இல்ல."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது இவருக்கு.

"இன்னைக்குச் சொல்லிடறேன்" என்றாள் அவளே. பிறகு சின்னக் குரலில் கேட்டாள்: "சொன்னா விட்டுட்டுப் போயிட மாட்டார்லண்ணா?"

மாட்டாரும்மா என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"தெரியலம்மா" என்றார்.