பன்னிரண்டு வோல்ட்

அந்த நாளை நினைத்தால் முதலில் தெரிவது என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டர்தான். படாளத்தைச் சுற்றி எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்தவன் நான். டெஸ்டரில் விளக்கு எரிந்தால் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை. அதற்கு மேல் யோசித்ததே கிடையாது. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து படகுக்கார அண்ணன், தன் ஃபைபர் படகில் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டபோதும், வீட்டு வேலைக்கு எடுத்துப்போகும் அதே பையைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவு தெனாவட்டு.

மணலில் ஏற்றியிருந்த படகில் நாங்கள் இருவர் மட்டும். பேட்டரியில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

"இன்னா தம்பி, கரண்டு கீதா?"

"செத்துப்போச்சுண்ணா. கழட்டிடலாம்."

வீட்டு மின்சாரத்துக்கான டெஸ்டர் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு எரியவே எரியாது. அன்று எனக்கு அது தெரியாது. நீளமான ஸ்பேனரை பேட்டரியின் ஒரு முனையில் மாட்டித் திருகினேன். ஸ்பேனரின் பிடி பேட்டரியின் மறுமுனையில் பட்டது. பொறி பறந்து, ஸ்பேனர் அப்படியே ஒட்டிக்கொண்டு சிவக்க ஆரம்பித்தது. ஒரு முழம் தள்ளி பெட்ரோல் கேன். நான் மரம் மாதிரி நின்றேன். அண்ணன் வெறுங்கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். வலை இழுக்கும் வலது கை. இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அதற்குப் பிறகு அவர் வலையைத் தொடவில்லை. எஞ்சின் பிடிப்பதோடு சரி.

இப்போது நான் கருவி வாங்கப் போனால் கடைக்காரருக்கு அலுத்துப்போகிறது. ஸ்பேனர் குட்டையாக இருக்க வேண்டும். பிடி முழுக்க நானே டேப் சுற்றுவேன். வோல்ட் அளக்கும் மீட்டரைக் கடையிலேயே ஒரு பேட்டரியில் வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டி மறுபடியும் பார்ப்பேன். மனைவி திட்டுகிறாள். என்ன செய்ய, மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

போன வாரம் அதே அண்ணனின் புதுப் படகுக்கு வயரிங் செய்யப் போயிருந்தேன். டீ கொண்டுவந்த அண்ணி, நான் ஒவ்வொரு வயரிலும் மீட்டரை வைத்துப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே நின்றார்.

"அன்னிக்கு உன்ன மாதிரி ஆள கூப்ட்ருந்தா இவரு கை போயிருக்குமா? தானே நோண்டிகினு கெடந்தாரு. அவசரக்குடுக்க!"

இத்தனை காலமும் அண்ணன் என் பேரை வீட்டில் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் இடது கையால் டீயை வாங்கிக்கொண்டு, "நீ வேலைய பாரு தம்பி" என்றார்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "டீ நல்லா கீது அண்ணி" என்றுதான் வந்தது.