மொட்டை மாடிக் குழாயின் மூடி

பிளம்பரின் சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்து போயிருக்கும். எல்லாருக்கும் அவர் ‘சொட்டு’தான். எங்கே குழாய் சொட்டுகிறது என்றாலும் சாப்பாட்டில் வைத்த கையை உதறிவிட்டு ஓடுகிற மனிதர். இருபத்தெட்டு வருஷமாக இதே பிழைப்பு. வேலையில் புலி, வாயும் கொஞ்சம் நீளம். “என் மீசை நரைச்சாலும் நான் போட்ட ஜாயின்ட் கசியாது” என்பார். மீசை நரைத்து எத்தனையோ காலம் ஆகிறது.

அன்று காலை, ஏழு மாதக் கர்ப்பிணியான மகளைப் பார்க்கக் கிளம்பிப் போனார். மகள் குடியிருப்பது ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. கீழேயே, கட்டடத்தின் வரைபடத்தோடு நின்ற ஒரு சுகாதார ஆய்வாளர் அம்மா, உள்ளே போகிற எல்லாரையும் போல அவரையும் நிறுத்தினார். இரண்டு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் ஒன்பது பேருக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும். ஒருவர் இறந்தே போய்விட்டார்.

“ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க. இவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிப் பழகினதே இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரங்க நல்லாத்தான் இருக்காங்க. எப்படிப் பரவுதுன்னே பிடிபடல.”

வரைபடத்தில் நோய் வந்த வீடுகளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார். இரண்டாவது மாடி, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாமே கடைசிக் கதவு, ஒன்றின் தலைமேல் ஒன்று. சொட்டுவின் விரல் அந்த வரிசையில் மேலே ஏறியது. அது கழிவுக் குழாய் ஏறிப்போகிற வரிசை. ஆறாவது மாடியில் கடைசிக் கதவு அவர் மகளுடையது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நாற்றம் தாங்கவில்லை என்று மேல்வீட்டார் புலம்பினார்கள். கழிவுக் குழாய் மூச்சு விடுவதற்காக மாடிவரை போய்த் திறந்து நிற்கும். சொட்டு அதன் வாயில் ஒரு மூடியை மாட்டிச் சிமெண்ட் பூசினார். மூடக்கூடாது என்று தெரியும். இருந்தாலும், இதற்கா குடி முழுகிப் போய்விடும்? நாற்றம் போயிற்று, பாராட்டு வந்தது. ஆள் சொல்லி ஆள் கூப்பிட, வேறு பல கட்டடங்களிலும் மூடினார். இந்தக் கட்டடமும் அவற்றில் ஒன்று.

ஆய்வாளரிடம் “இதோ வந்துடுறேன்” என்று மட்டும் சொன்னார். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினார்.

“என்னப்பா, இப்படி மூச்சு வாங்குது?” என்றாள் மகள்.

“பாத்ரூம் எங்கம்மா?”

“இப்பவாவது கேட்டீங்களே! அங்க களக் களக்னு சத்தம் வருதுன்னு ஒரு மாசமா சொல்றேன். ஊரு வீட்டுக் குழாய்க்கெல்லாம் ஓடுறீங்க, பெத்த பொண்ணு வீட்டுக்கு வர நேரமில்ல.”

தரையில் தண்ணீர் போகிற துளையின் சல்லடையைக் கழற்றி டார்ச் அடித்தார். அடியில் குழாய் வளைகிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். கீழ்வீடுகளின் கழிவுக் காற்றும் கிருமியும் மேலே வராமல் தடுப்பது அந்த ஒரு கை தண்ணீர்தான். அங்கே ஈரம்கூட இல்லை.

அவசர அவசரமாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். வளைவு நிறைந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் ஏழாவது மாடியில் யாரோ ஃப்ளஷ் பண்ணினார்கள். மாடி வழியாகக் காற்று வர வழியில்லாத குழாய், களக்கென்று அந்தத் தண்ணீரை அவர் கண்ணெதிரே உறிஞ்சிக்கொண்டது. துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது.

“வெளிய வாம்மா! கதவ மூடு! துணிமணிய எடுத்து வை, இந்த நிமிஷமே கிளம்பணும்.”

விஷயத்தைச் சொன்னார். நானே மூடினேன் என்பதையும் சொன்னார். மகள் வயிற்றில் கை வைத்தபடி உள்ளே போனாள். பையை எடுத்து வந்தாள்.

“சரி, நம்ம வீட்டுக்கே வந்துடுறேன். அம்மாகிட்ட ஃபோன் பண்ணிச் சொல்லுங்க.”

சொட்டு ஃபோனை எடுத்தார். எண்ணைத் தொடப் போன விரல் அப்படியே நின்றது.

“அங்க வேணாம்மா.”

“ஏம்ப்பா?”

“முதல் மூடியே நம்ம வீட்டு மாடியிலதான் போட்டேன். உங்கம்மா நாலு நாளா இருமிக்கிட்டு இருக்கா.”