பழைய ஷூவில் புது முத்திரை

ப்ரினா ஹோச்செவார் ஷூவுக்குள் ஏதோ மருந்து தடவிக்கொண்டு சுவரேறும் போட்டியில் ஏறினாளாம், அதனால் கம்பெனிக்காரர்கள் அவளைக் கழற்றிவிட்டார்களாம். திங்கட்கிழமை காலை, க்ரான் நகரத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் மேசையில், இந்தச் செய்தி ப்ரினாவின் காதுக்கே வந்து சேர்ந்தது. சொன்னவள் கூட வேலை செய்யும் தாரின்கா. அவளுக்கு மருமகன் சொன்னானாம். மருமகனுக்குச் சுவரேறும் கூடத்தில் காபி போடுகிறவள்.

"மருந்தெல்லாம் இல்லக்கா. பசை."

"பசையா? சுவத்துல ஒட்டிக்கிட்டா ஏறின?"

"அப்படி ஏறியிருந்தா விழுந்திருக்க மாட்டேனே."

தாரின்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். "சரி விடு. டிவில உன்னைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினான். ஒரு கார் வாங்குற அளவுக்காவது குடுத்திருப்பான்ல?"

"முதல் எட்டு பேருக்குத்தான் காசு. நான் ஒன்பதாவது."

"ஒன்பதாவதுக்கு?"

"கை குலுக்குனாங்க."

ப்ரினாவுக்கு இருபத்தொன்பது வயது. பகலில் மஞ்சள் ஸ்கூட்டரில் தபால், மாலையில் சுவர். விளையாட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் சம்பளம் தரவரிசையில் ஓர் இடம் வித்தியாசத்தில் கைநழுவிப் போனது. பயணம், அறை, பயிற்சி எல்லாம் அந்த ஷூ கம்பெனியின் தயவு. ஒப்பந்தத்தில் இரண்டே நிபந்தனைகள்: புது மாடல் ஷூவைத்தான் போட வேண்டும், சொந்த ஊர்ப் போட்டியில் முதல் எட்டு பேருக்குள் வந்து இறுதிச் சுற்றுக்குப் போக வேண்டும். வந்தால் இன்னொரு வருடம். வராவிட்டால் இத்தோடு சரி.

அந்த ஒப்பந்தத்தை வாங்கித் தந்தவன் வோய்கோ. பன்னிரண்டு வருடம் அவளுக்குக் கீழே நின்று கயிறு பிடித்தவன். முழங்கால் போன பிறகு அந்தக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தான். "அவளுக்கு நான் பொறுப்பு" என்று மேலதிகாரியிடம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினான்.

புது ஷூ அவளுடைய இடது குதிகாலில் நிற்கவில்லை. மூன்று வாரம் போட்டுப் பார்த்தாள், வழுக்கியது. இரண்டு தடவை அடிப்பாகம் மாற்றிய பழைய ஜோடிதான் அவள் காலை அறியும். அது வேறு கம்பெனியுடையது. வெள்ளிக்கிழமை சமையலறையில் உட்கார்ந்து, முத்திரை பதித்த குதிகால் பட்டையைப் புதியதிலிருந்து வெட்டி, பழையதன் மேல் ஒட்டினாள். இரண்டு நாளாவது காய வேண்டிய பசை. மறுநாளே அரையிறுதி.

சனிக்கிழமை முப்பத்தைந்தாவது பிடிவரை போனாள். அடுத்ததை எட்டுவதற்காகக் குதிகாலைத் தலை உயரத்தில் ஒரு விளிம்பில் மாட்டி இழுத்தாள். பட்டை உரிந்தது. விழுந்தாள்.

கடைசியாகப் பிடித்த பிடியின் எண்தான் மதிப்பெண்; அங்கிருந்து அடுத்ததை நோக்கி நகர்ந்தால் எண்ணோடு ஒரு கூட்டல் குறி சேரும். எட்டாவதாக வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்தும் ஒரு கூட்டல் குறியும். ப்ரினாவுக்கு வெறும் முப்பத்தைந்து. உடம்பு நகருமுன்பே கால் போய்விட்டது. கயிற்றில் தொங்கிய அவள் காலைக் கேமரா கிட்டப் போய்க் காட்டியது. கிழிந்து தொங்கும் ஒரு முத்திரை. அதற்கடியில் இன்னொரு கம்பெனியின் முத்திரை. வோய்கோ பார்வையாளர் வரிசையில் மேலதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவள் இறங்கியதும் வந்தான். ஷூவைக் கையில் வாங்கி, பசையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"புதுசு வழுக்குதுன்னு எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா உனக்குச் சங்கடம்னு..."

"போன வருஷம் ரெண்டு பேருக்குப் பழசையே போட அனுமதி வாங்கிக் குடுத்தேன். முத்திரையை மறைச்சு டேப் சுத்திக்கிட்டாப் போதும்னாங்க. ஒரு கடுதாசிதான் ப்ரினா. ஒரே ஒரு கடுதாசி."

அவள் வாயைத் திறப்பதற்குள் மேலதிகாரி கூப்பிட்டார். வோய்கோ ஷூவை அவள் மடியில் வைத்துவிட்டு நொண்டியபடி போனான். அதன் பிறகு கம்பெனியிலிருந்தும் பேச்சில்லை, அவனிடமிருந்தும் பேச்சில்லை.

"நிஜமாவே கழட்டி விட்டுட்டாங்களாடி?" தாரின்கா இப்போது சிரிக்கவில்லை.

"தெரியலக்கா. இன்னும் யாரும் எதுவும் சொல்லல."

கட்டியிருந்த கடிதங்களை அப்படியே வைத்துவிட்டுப் பின்முற்றத்துக்குப் போனாள். வோய்கோவின் எண்ணை அழுத்தினாள். ஒப்பந்தத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். அவள் கூப்பிட்டால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறவன்.

ஏழு தடவை மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"ப்ரினா, பையை வண்டில ஏத்தணும், வரியா?" உள்ளேயிருந்து தாரின்கா கூப்பிட்டாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினாள். மறுமுனையில் ஐந்தாவது மணி.