லாயிட் மதலைமுத்துவின் மதியச் சாப்பாடு

லாயிட் மதலைமுத்து 1976 மார்ச் ஒன்பதாம் தேதி பிறந்தார். ஞானஸ்நானப் பதிவேடு பதினொன்றாம் தேதி என்கிறது. பள்ளிச் சான்றிதழும் அந்தப் பிழையையே பின்பற்றியது. காக்ஸ் டவுனில் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் நான்கு ஓட்டு வீடுகளில் மூன்றாவது வீடு அவருடையது. 2005-இல் ஐரினை மணந்தார். ஐரின் கணக்கு ஆசிரியை. அவருடைய பள்ளி வீட்டிலிருந்து நான்கு நிமிட நடை. லாயிட், மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தில் பணியாற்றுகிறார். அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில். இரண்டு பஸ் மாற வேண்டும். போக ஒரு மணி ஐம்பது நிமிடம், வர இரண்டு மணி பத்து நிமிடம். 2023 மே மாதம் அவருடைய சம்பளம் எண்பத்திரண்டாயிரம் ரூபாய். அதே ஆண்டு ஜூன் மாதம் அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு.

இடையில் நடந்தது இவ்வளவுதான். வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்புவோர் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திடலாம் என்று நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது. லாயிட் அன்றே கையெழுத்திட்டார். காரணம் என்ற இடத்தில் ‘முதுகுவலி’ என்று எழுதினார். முதுகுவலி இருந்தது உண்மை. ஆனால் அது காரணம் அல்ல.

பள்ளியில் மதிய இடைவேளை பன்னிரண்டு ஐம்பது முதல் ஒன்றரை வரை. ஐரின் வீட்டுக்கு வந்து, தனியே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புவார். மணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில் ஒரு வேலை நாளில்கூட லாயிட் அந்த மேசையின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கொரோனா ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்போது இருவரும் ஆளுக்கோர் அறையில் கணினிக்கு முன்னால் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். அந்த நாற்பது நிமிடம் லாயிடுக்கு வேண்டியிருந்தது. நாற்பத்தேழு வயதில் இதை மனைவியிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால், அவரிடமும் முதுகுவலி என்றே சொன்னார்.

முதல் நாள் லாயிடே ரசம் வைத்தார். ஐரின் ஒரு வாய் உண்டுவிட்டு மனக்கணக்கில் இறங்கினார்.

“மாசத்துக்கு எத்தனை நாள் வேலை?”

“இருபத்திரண்டு.”

“சம்பளத்துல குறைஞ்சது பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பஸ்ஸு, கேன்டீன்ல ரெண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம். அப்போ ஒரு நாளைக்கு எழுநூத்தி இருபத்தேழு ரூபா.”

“எதுக்கு?”

“இந்த ரசத்துக்கு. லீலா மாதிரி ஃபைவ் ஸ்டார் ஹோட்டலா நடத்துறீங்க? உப்பாவது போட்டிருக்கலாம்.”

லாயிட் உப்பை எடுத்து நீட்டினார். அவருக்கு அது எழுநூற்று இருபத்தேழு ரூபாய்க்கு மலிவாகவே பட்டது. ஐரினுக்கு எப்படிப் பட்டதென்று தெரியவில்லை. அவர் முகத்தில் அதைப் படிப்பது, அவர் விடைத்தாள் திருத்தும்போது முகத்தை வைத்து மதிப்பெண்ணை ஊகிப்பது போன்றது.

பகலில் ஓர் ஆண் வீட்டில் இருக்கிறார் என்ற செய்தி காம்பவுண்டில் பரவ ஒரு வாரம் ஆயிற்று. நான்கு வீட்டு கேஸ் சிலிண்டரும் லாயிட் வீட்டு வாசலில் இறங்கின. பார்சல்கள் வரவேற்பறையில் குவிந்தன. இரண்டாம் வீட்டு ஆரோக்கியமேரி, அறுபத்தோரு வயது, அப்பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் குழுவின் தலைவி, தம் வீட்டுச் சாவியையே கொடுத்து வைத்தார். ஆனால் செப்டம்பர் பாதியில் அவர் குரலில் ஒரு மாற்றம் வந்தது. கூப்பிடும்போதே தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

“லாயிட், மனசை விடாதப்பா. நாங்க எல்லாம் ஜெபம் பண்றோம்.”

“எதுக்கு ஆன்ட்டி?”

“அதை வேற என் வாயால சொல்லணுமா? இந்தா, சோனா மசூரி அரிசி, அஞ்சு கிலோ. ஐரினுக்கு ஒண்ணும் சொல்லாத, கூச்சப்படுவா.”

வேலை போகவில்லை, வீட்டிலிருந்தே நடக்கிறது என்று லாயிட் விளக்கினார். ஆரோக்கியமேரி கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டார். துக்க வீட்டில் உளறுபவர்களின் பேச்சை அவர் அப்படிக் கேட்பதுதான் வழக்கம். அடுத்த வாரம் நான்காம் வீட்டு ஜாய்சன், ஹென்னூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரவுக் காவலாளி தேவை என்ற தகவலுடன் வந்தார். “யூனிஃபார்ம் அவங்களே குடுத்துடுவாங்க அண்ணா. பேஜார் இல்லாத வேலை.”

லாயிட் யோசித்து ஒரு வழி கண்டார். நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார். சிலிண்டர் வாங்கவும் அட்டையோடு போனார். மாலையில் ஜன்னல் வழியே ஆரோக்கியமேரியின் குரல் கேட்டது:

“பாவம், அதைக் கழட்ட இன்னும் அவனுக்கு மனசு வரல.”

டிசம்பர் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை, மேலாளர் ஸ்ரீஹர்ஷா அழைத்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று; பேச்சில் அவசரம் அதிகம், மரியாதை அதற்கும் அதிகம்.

“லாயிட் சார், ஹேகித்தீரா? நல்லா இருக்கீங்களா? ஒரு பெரிய கிளையன்ட் வந்திருக்காங்க. ஆபீஸ்ல சீனியர் ஆளு வேணும். பழைய சம்பளம் முழுசா. ஜனவரி ஒண்ணுலேர்ந்து. வெள்ளிக்கிழமைக்குள்ள மெயில் போட்டுடுங்க சார்.”

ஓட்டு வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். ஐரின் மதியம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ஆரோக்கியமேரி கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் தட்டுடன் வந்து, லாயிடுக்கு வேலை கிடைத்ததற்கு ஞாயிறு திருப்பலியில் வாசிக்க நன்றிக் கருத்து கொடுத்துப் பணமும் கட்டிவிட்டதாக அறிவித்துப் போனார்.

லாயிட் சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

“போங்க,” என்றார் ஐரின். “பதினெட்டாயிரத்து ஐந்நூறு சும்மாவா வரும்?”

“போகவா?”

“அதான் சொன்னேனே. மோர் எடுங்க.”

லாயிட் மோரை எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதம் எழுநூற்று இருபத்தேழு ரூபாய் வீதம் தாம் ஒருவர் மட்டுமே விருந்துண்டதாக அவருக்குத் தோன்றியது. அன்றே சம்மதக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, அனுப்பாமல் வைத்தார்.

புதன்கிழமை மாதா கோயிலுக்குப் போனார். அலுவலகத்துக்குப் போவதுதான் போகிறோம், வேலை இழந்தவர்களுக்காக ஜெபிக்கும் பட்டியலிலிருந்தாவது பெயரை எடுத்துவிட்டுப் போகலாம் என்பது அவர் எண்ணம். கோயில் வாசலில் நன்றிக்கு ஒன்று, மன்றாட்டுக்கு ஒன்று என இரண்டு பெட்டிகள்; கோயிலைப் பார்த்துக்கொள்ளும் தாஸ், மன்றாட்டுப் பெட்டியின் சீட்டுகளை எடுத்துப் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் நவநாள் ஜெபத்தில் அவை வாசிக்கப்படும்.

“ஆரோக்கியமேரி ஆன்ட்டி போட்ட சீட்டுதானே?” என்றார் லாயிட்.

“அவங்க ஏன் போடுறாங்க? அவங்க அன்பியத்துல சொல்லித்தான் ஜெபம் பண்றாங்க. இது பாருங்க. பதிமூணு சீட்டு, வாரத்துக்கு ஒண்ணு, தப்பாம வந்திருக்கு.”

பதின்மூன்று சீட்டிலும் ஒரே வரி: ‘காக்ஸ் டவுன் லாயிட் அவர்களின் வேலைக்காக.’ கட்டம் போட்ட நோட்டுத் தாள், எழுத்து ஐரினுடையது. பதினெட்டு ஆண்டுகளாக மளிகைப் பட்டியலில் பார்க்கும் கையெழுத்து.

“ஆகஸ்ட் வரைக்கும் உங்க பேரு நன்றியிலதான் சார் வந்துட்டு இருந்தது,” என்றார் தாஸ் பரிவோடு. “செப்டம்பர்ல மன்றாட்டுக்கு வந்ததும், எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு, வேலை போயிடுச்சுன்னு.”

ஆக, தம்மை மறுபடி அலுவலகத்துக்கு அனுப்பி வீட்டைவிட்டு வெளியேற்ற மனைவியே பதின்மூன்று வாரம் வேண்டியிருக்கிறார். லாயிட் வீட்டுக்கு நடந்தார். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஐரின் வந்தபோது ஒரு சீட்டை அவர் தட்டுக்கு அருகில் வைத்தார்.

“இவ்வளவு தொல்லையா இருந்தா என்கிட்டயே சொல்லியிருக்கலாம். நடுவுல மாதாவை எதுக்கு இழுத்தே?”

ஐரின் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “இது எப்படி உங்க கைக்கு வந்தது?”

“மன்றாட்டு டப்பாவுல இருந்தது.”

“நான் மன்றாட்டுல போடவே இல்லியே. செவ்வாய்க்கிழமை ஸ்கூலுக்குப் போற வழியில நன்றிப் பெட்டியில போடுவேன். இடது பக்கம். பதினோரு வருஷமா இடது பக்கம்தான்.”

“திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்களே, அப்போ ரெண்டு பெட்டியையும் கழட்டி இடம் மாத்தி மாட்டிட்டாங்க. இப்போ இடது பக்கம் மன்றாட்டு.”

“பெட்டி மேல பேர் எழுதியிருக்குமே?”

“இருக்கு. கொட்டை எழுத்துல.”

மாணவர்களின் விடைத்தாளில் ஒரு கூட்டல் குறியை விடாத ஐரின், சீட்டை நான்காக மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தார். சனிக்கிழமை மாலை அவருக்கு டியூஷன். நவநாளுக்குப் போயிருந்தால் காதில் விழுந்திருக்கும். லாயிடுக்கு அந்தப் பிழை பிறகுதான் வேடிக்கையாயிற்று. அப்போது அவர் மனம் வேறிடத்தில் நின்றது.

“வாரா வாரம் நன்றியா? எதுக்கு?”

“வேற எதுக்கு? எதிர்ல ஆளு உட்கார்ந்திருக்கறதுக்குத்தான்.”

“பின்ன திங்கட்கிழமை போங்கன்னு சொன்னே.”

“போகாதீங்கன்னு நான் சொல்லி, நாளைக்கு ஒரு செலவு வந்து நின்னா, ‘நீதானே சொன்னே’ம்பீங்க. நீங்களா சொல்லணும்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா மோரை எடுத்துக் குடுக்கறீங்க.”

“எனக்கு முதுகுவலி காரணம் இல்ல,” என்றார் லாயிட்.

“தெரியும். முதுகுவலிக்காரன் நாலு வீட்டு சிலிண்டரைத் தூக்க மாட்டான்.”

வியாழக்கிழமை காலை லாயிட் சம்மதக் கடிதத்தை அழித்துவிட்டு, வர இயலாது என்று இரண்டு வரி அனுப்பினார். ஸ்ரீஹர்ஷா, “யோசிச்சுட்டீங்களா சார்? பதினெட்டரை சார்,” என்று இரண்டு முறை கேட்டார்.

ஆரோக்கியமேரியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஐரின் நடந்ததை வரிசையாக, ஒரு வாய்பாட்டைப் போலச் சொன்னார். ஆரோக்கியமேரி கடைசிவரை கேட்டார்.

“அப்போ வேலை போகவே இல்ல.”

“இல்ல ஆன்ட்டி.”

“மூணு மாசம் முட்டி தேய ஜெபம் பண்ணி, முழுச் சம்பளத்தோட வந்ததை வேணாம்னுட்டான்.”

“ஆமா ஆன்ட்டி.”

“சரி. அரிசியைத் திருப்பிக் குடு.”

அரிசி தீர்ந்திருந்தது. லாயிட் கடைக்குப் போய் அதே சோனா மசூரியில் ஐந்து கிலோ வாங்கி வந்து கொடுத்தார். ஆரோக்கியமேரி பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குக் கட்டிய பணம் வீணாகவில்லை. லாயிட் அவர்களின் வேலைக்காக நன்றி என்று சாமியார் வாசித்தார். முன் வரிசையில் லாயிடும் ஐரினும் நின்றார்கள். வெளியே வரும்போது ஐரின் இரண்டு பெட்டிகளின் பெயரையும் வாய்விட்டுப் படித்தார்.

இருவரும் எதிரெதிரே மதியம் சாப்பிட்ட ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் ஐரின் சமையலறை நாட்காட்டியில் ஒரு கோடு போடுவார். 2023 ஜூன் முதல் 2025 நவம்பர் முடிய முப்பது மாதம். கோடுகள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. விட்ட சம்பளம் ஐந்து லட்சத்து ஐம்பத்தையாயிரம் ரூபாய்.