அப்பமும் ரசமும்

தக்கலைச் சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள், சாருக்கு வயது குறைந்துகொண்டே போகிறது என்பார்கள். அறுபத்து மூன்று வயதில் எனக்குத் தொப்பை இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை இல்லை. படியேறினால் மூச்சு வாங்குவதும் இல்லை. என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்காகவே நான் சந்தைக்குப் போனேன் என்று சொன்னால் பொய்யில்லை. இப்போது யாராவது கேட்டால், பஸ் வருகிறது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். அந்தச் சாப்பாடு என் மனைவிக்காக எங்கள் வீட்டுக்குள் வந்தது. அது என்னைத் தேற்றிவிட்டு அவளை விட்டுவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பொடி எழுத்தை வாசிப்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. ஆனால் என் மனைவிக்கு வயிறு ஊதியபோதும், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோதும், வாயெல்லாம் புண்ணாகி ரத்தம் வற்றி வெளுத்தபோதும், இரண்டு வருடம் வாயு மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் குடலில் இருந்து துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவள் உடம்புக்குக் கோதுமை ஆகாது. ஒரு பொடி கூட ஆகாது. ஆயுசு முழுக்க ஆகாது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோறும் மரச்சீனிக் கிழங்கும் தின்று வளர்ந்த ஊரில் இது ஒரு பத்தியமா? வீட்டுக்கு வந்து, லென்ஸை எடுத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு நின்றது. ரவை, சேமியா, பிஸ்கட் போகட்டும். சூப்புப் பொடியில் கோதுமை. கடையில் வாங்கிய மிளகாய்ச் சாந்தில் கோதுமை. ஒரு சத்து மாத்திரையில்கூட இருந்தது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வெளியே வைத்தேன்.

குடல் ஆறுகிற வரை பாலும் வேண்டாம் என்றார் டாக்டர். மீன் வாடை அவளுக்குக் குமட்டியது. குளச்சலில் இருந்து மீன் கொண்டுவருகிறவரிடம், இனி எங்கள் வாசலில் நிற்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். முட்டையும் அதோடு நின்றது. காலையில் அடுப்பே பற்றவைப்பதில்லை. தேங்காய்த் துருவல், முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், இரண்டு மட்டிப்பழம். மத்தியானம் அவளே ஒரு கஞ்சி வைப்பாள், உப்பு மட்டும் போட்டு. புளியும் மிளகும் பட்டால் வாய்ப்புண் எரியும். அவள் தின்னாததை நான் தின்பது நியாயமில்லை என்று நானும் அதையே தின்றேன். அதில் கொஞ்சம் அன்பும் நிறைய வீம்பும் இருந்தது.

ஆறு மாதத்தில் அவள் கன்னத்தில் நிறம் வந்தது. வாய்ப்புண் ஆறியது. ஒருநாள் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, ஒரு ரசம் குடிச்சா கொள்ளாம்போல இரிக்கு."

எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன்.

"நீ இரி பிள்ள. இனி அடுக்கள எனக்க பொறுப்பு" என்றேன்.

புளி கரைத்து, மிளகும் சீரகமும் தட்டி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு நுள்ளு காயம். காயத்தை நான் ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த பழைய மாத்திரைக் குப்பியில் போட்டு வைத்திருந்தோம். அதன்மேல் 'காயம்' என்று என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. அவள் இரண்டு டம்ளர் குடித்தாள். அன்று முதல் தினமும் மத்தியானம் ரசம். ஊரில் எல்லோரிடமும் என் ரசத்தைப் பற்றிச் சொன்னேன். என் இடுப்பு சுருங்கியதைப் பற்றியும் சொன்னேன். என்னைப் பார்த்து இரண்டு வீடுகளில் காலைச் சமையலை நிறுத்தினார்கள்.

இனி எங்கள் கோவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷனரி காலத்துப் பழைய கோவில். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்தின் முன்னால் வரிசையாக முழங்கால் போடுவோம்; போதகர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு அப்பம் வைப்பார், பிறகு ரசம். ரசம் என்றால் திராட்சரசம். அப்பம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு அரிசிமாவு ஆப்பம் நினைவுக்கு வரும், ஆனால் பீடத்தில் இருப்பது கோதுமை ரொட்டி. முந்தின நாள் சாயங்காலம் அதை நறுக்குகிற வேலை பல வருடங்களாக என் மனைவியுடையது. டாக்டர் சொன்ன அன்றே அதை விட்டாள். போதகரிடம் கேட்டுவிட்டு, பீடத்துக்குப் போய்க் கையை மூடிக்கொண்டு ரசம் மட்டும் எடுத்தாள்.

என் ரசம் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். மறுபடி வயிறு ஊதியது. வாய்ப்புண் வந்தது. ரத்தம் சோதித்த டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது, வீட்டில் பாருங்கள் என்றார். என் வீட்டிலா? நான் லென்ஸ் வைத்து வாசிக்காத டப்பா என் வீட்டில் உண்டா? பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்கு விடை கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டேன்.

"நீ கோவில்ல அப்பம் எடுக்கியா?"

"இல்லியே."

"கள்ளம் சொல்லாத. எனக்க அடுக்களையில கோதும கெடையாது. பின்ன எங்க இருந்து வருகு?"

"கர்த்தருக்க சந்நிதியில சொல்லுகேன். நான் எடுக்கல்ல. எங்க இருந்து வருகுண்ணு எனக்குத் தெரியல்ல."

"அப்பத்த எடுத்தா ஒண்ணும் ஆவாதுண்ணு விசுவாசம், இல்லியா? இனி நீ மேல போவண்டாம். பெஞ்சில இரி."

அவள் சண்டை போடவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் என் கோபத்தின் நீளத்தை அவள் அளந்து வைத்திருந்தாள். அடுத்த முதல் ஞாயிறு, அவளுடைய வரிசைப் பெண்கள் எல்லோரும் எழுந்து போக, அவள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள். எங்கள் சபையில் திருவிருந்துக்கு எழும்பாதவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் பீடத்துக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். கோதுமை ஆகாது என்று தெரிந்தவர்கள்கூட, இத்தனை நாள் ரசம் எடுத்தவள் இப்போது ஏன் எழும்பவில்லை என்றுதான் பார்த்தார்கள். கோவில் பாடகர் குழுவில் அவளோடு பாடுகிற ஒரு பெண் வெளிவாசலில் அவளைப் பிடித்து, "என்னமும் மனத்தாங்கலாக்கா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவள் சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

அப்படி எட்டு மாதம். பெஞ்சில் உட்காரவைத்தும் நோய் குறையவில்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் இல்லாதபோது கோவில் பெண்கள் கூட்டத்தில் கேக் தின்கிறாள் என்று அடுத்த சந்தேகத்துக்குப் போனேன். இவ்வளவுக்கும் அவளை நான் கவனிக்காமல் இல்லை. வயிறு ஊதி அவள் சுருண்டு படுக்கும்போதெல்லாம் வெந்நீரில் காயம் கரைத்துக் கொடுப்பேன். வயிற்றுக்குக் காயத்தைவிட நல்ல மருந்து நம் ஊரில் யாருக்குத் தெரியும்? "குடி பிள்ள, வாயு போவும்" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். ஊதல் கூடினால் காயமும் கூடும்.

ஐப்பசி மழையில் அவளுக்கு வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்த போதகர், அப்பத்தை வெளியே எடுக்காமல் ரசக் கிண்ணத்தை மட்டும் எடுத்தார். அவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அவுங்க நம்பினா எடுக்கேன் ஐயா" என்றாள்.

நான் "எடு, எடு" என்றேன். நம்புகிறேன் என்று சொல்லவில்லை. சாகக் கிடப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்ல என் வாய்க்கு அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது. அவள் வேண்டாம் என்று தலையை மெதுவாக ஆட்டினாள். போதகர் ஜெபம் மட்டும் பண்ணிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், இவ்வளவு சுத்தமான சாப்பாடு சாப்பிட்டும் இப்படியா என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மட்டும் ரசம் வைத்தேன். குப்பியில் காயம் தீர்ந்திருந்தது. புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்தேன். அதன் மூலை கிழியவில்லை. எங்கே வெட்டு இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தேன். கண் பழக்கத்தில் வாசித்தது. காயம், பிசின், அரிசி மாவு, கோதுமை மாவு.

லென்ஸை எடுத்து வந்தேன். கோதுமை மாவுதான். குப்பையில் தேடினால் பழைய பொட்டலம் கிடைக்குமா என்று பைத்தியம்போல வெளியே ஓடினேன். எதற்கு? அந்தக் குப்பியை இரண்டு தடவை நிரப்பியவனே நான்தான். பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டியிருக்கிறேன், வாசிக்கவில்லை. காயம் என்றால் காயம், அதில் வாசிக்க என்ன இருக்கிறது என்று இருந்திருக்கிறேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. தரையில் உட்கார்ந்து, நான் நம்புகிறேன் பிள்ளே, நம்புகிறேன் என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க ஆளில்லாத வீட்டில் அதை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

அடுத்த முதல் ஞாயிறு கோவிலுக்குப் போனேன். அவள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அது பெண்கள் பக்கம். ஆனாலும் அங்கே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நான் எழும்பவில்லை. மனத்தாங்கலைத் தீர்த்துவிட்டு வரவேண்டும் என்றால் நான் யாரிடம் போவேன்?

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது கோவில் குட்டியார், மணி அடிக்கிற மனிதர், என் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சாரு மேல வரல்லியே. ஒங்களுக்கும் கோதும ஆவாதோ?"

"ஆமா," என்றேன். "ஆவாது."