நிழல் இருக்கும் வீடு

தூத்துக்குடியின் இலக்கியப் பழமையைக் காட்டுகிறேன் என்று ஞாயிறுதோறும் பத்துப் பேரை வெயிலில் நடத்திக்கொண்டு போகிறவன் நான். துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றின் முன்னால் நின்று, "இந்த மாடியில்தான் நம்ம ஊரின் அந்தப் பழைய கவிஞர் குடியிருந்தார்" என்பேன். சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

கிட்டங்கிக் காவலாளிக்கு அறுபது வயது இருக்கும். காக்கிச் சட்டை, இடுப்பில் கட்டம் போட்ட சாரம். நான் பேசி முடிக்கும்வரை, மடித்த ஆத்தூர் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருப்பார். என் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போயிருந்தேன்.

ஒரு ஞாயிறு கூட்டம் கலைந்ததும் அருகில் வந்தார்.

"சார், போன மாசம் எதுத்த வீட்டுல இருந்தாருன்னுல்லா சொன்னிய?"

பத்து மணிக்கு மேல் எதிர்வீட்டுப் பக்கம் நிழல் இருக்காது என்ற உண்மையைச் சொன்னேன். கவிஞர் எந்த வீட்டில் இருந்தார் என்றே எனக்குத் தெரியாது என்ற உண்மையைச் சொல்லவில்லை.

"அதான பாத்தேன்" என்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கிட்டங்கி வாசலில் ஒரு பெஞ்சும் தண்ணீர்க் குடமும் இருந்தன. நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"அந்தா, அந்த சன்னல் பக்கத்துலதான் உக்காந்து எழுதுவாரு. உப்பு வண்டி வந்தா தூசின்னு சன்னலைச் சாத்திருவாரு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

என்னைக் காப்பாற்றினாரா, கேலி செய்தாரா, இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்தச் சன்னலைக் காட்டாமல் இப்போது நான் நடையை முடிப்பதில்லை.