கச்சான் தோட்டத்தில் கழற்றவைத்த சட்டை

போரால் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்த நாட்களில், ஓய்வுபெற்ற ஆசிரியனான நான் கச்சான் கடலை பயிரிட்டேன். கச்சான் பிடுங்க வந்த மலையகப் பெண் இலட்சுமி, சேலைக்கு மேல் கணவனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, குருவி விரட்டுற வெருளி மாதிரி நிக்கிறாய்? கைக்குள்ள கச்சான் ஒளிக்கிற யோசினையோ?"

"வெயிலுக்குத்தாங்க வாத்தியாரய்யா. என் தோலு தாங்காதுங்க."

"வெயில் உன்னைத் தின்னாது. கழட்டு!"

கழற்றினாள். உள்ளே ஒரு கச்சான்கூட இல்லை. பின்னேரமே கைகள் சிவந்து கொப்பளித்தன. மருந்து கிடைக்காத காலம். காட்டுப்பன்றிக் கொழுப்பைப் பூசச் சொல்லி, மறுநாளும் அதே வெயிலில் இறக்கினேன். மூன்றாம் நாள் கொப்புளங்கள் உடைந்து சீழ் வடிந்தது. கொழுப்பு நாற்றத்துக்கு இலையான்கள் மொய்த்தன. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றேன்.

கணவன்தான் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கையே போயிருக்குமாம்.

இப்போது முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் இல்லாமல் எவரையும் நான் தோட்டத்தில் இறக்குவதில்லை. பத்து மணிக்கு வேலையை நிறுத்திவிடுகிறேன்.

கை ஆறிய பின், மன்னிப்புக் கேட்க இலட்சுமியின் வீட்டுக்குப் போனேன். முற்றத்து வெயிலில், சேலைக்கு மேல் கணவனின் அதே முழுக்கைச் சட்டையோடு நின்றாள். வாசலில் என்னைக் கண்டதும், மறுபடி கழற்றச் சொல்வேனென்று நினைத்தாளோ, அவள் கை தானாகவே சட்டைப் பொத்தானுக்குப் போனது.